அம்மாவின் மலரில் அச்சான பிழை

மூன்றாண்டுகளுக்கு முன் அம்மாவின் நினைவு மலரைப் பெற்றுச் சென்றவர்கள் அதில் ஒரு வரியைத் திருத்திக்கொள்ள வேண்டும். "இரண்டாவது பிள்ளை ஒன்றரை வயதில் காய்ச்சலால் இறந்தது" என்று அச்சிட்டிருந்தேன். தெரிந்தே செய்த பிழை. அதைச் சொல்லாமல் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவில் என்னால் எதுவும் எழுத முடியவில்லை.

அக்கா கரங்கான் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில் தலைப்பிள்ளையாகப் பிறந்தார்கள். அவர்களுக்கு ஒன்பது வயதானபோது அப்பா லாரியிலிருந்து விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்துவிட்டார். அம்மா காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போய், பிற்பகலில் புல் வெட்டவும் போனார்கள். அந்த இரண்டாவது பிள்ளையை, எனக்கு முன் பிறந்த அண்ணனை, அக்காதான் பார்த்துக்கொண்டார்கள். என் மகளுக்கு ஒன்றரை வயதாகும்வரை, இதற்கு மேல் எனக்குத் தெரியாது.

அப்போது நானும் மனைவியும் கூலிம் நகரில் வேறு வேறு தொழிற்சாலை, வேறு வேறு ஷிப்ட். ஒருவர் வீட்டுக்குள் நுழைந்ததும் மற்றவர் கம்பெனி பஸ் ஏறுவார். மகளின் எடைக்கோடு ஏறவேயில்லை என்று கிளினிக் தாதி, நாங்கள் மிஸி என்போம், பிள்ளையின் எடை குறிக்கும் புத்தகத்தில் வட்டம் போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை புக்கிட் செலம்பாவிலிருந்து அக்கா மோட்டார் சைக்கிளில் வந்தார்கள்.

"நேத்து பிள்ளைக்குச் சோறு ஊட்டினது யாரு?"

"அவதான்க்கா," என்றேன்.

"நானா? நீங்க வந்து ஊட்டுவீங்கன்னுதான் டின் பால் கலக்கிக் கொடுத்துட்டுப் போனேன்," என்றாள் மனைவி.

"நல்லா இருக்குலா. ஆளுக்காளு நெனச்சே பிள்ளைய வளத்துட்டீங்க."

மனைவி அழுதாள். அக்கா அவளருகில் உட்கார்ந்தார்கள். "ஒன்னைக் குத்தம் சொல்லலம்மா. நானும் இப்படித்தான் நெனச்சேன்."

பிறகுதான் சொன்னார்கள். அம்மா ஊட்டியிருப்பார்கள் என்று அக்காவும், மூத்தவள் ஊட்டியிருப்பாள் என்று அம்மாவும் நினைத்த நாள்கள் பல. அண்ணன் அழுதால் இனிப்புத் தேத்தண்ணி, அதில் நனைத்த பிஸ்கட். கால் வீங்கியது, முகம் உப்பியது. பிள்ளை கொழுகொழுவென்று ஆகிவிட்டான் என்று லயத்து வீடுகளில் எல்லாரும் சொன்னார்கள். அக்காவும் அதை நம்பிச் சந்தோஷப்பட்டார்கள். அது சத்தில்லாமல் வந்த வீக்கம். காய்ச்சல் கடைசி மூன்று நாள்தான்.

"நீ குடும்ப நோட்டுல காய்ச்சல்னு எழுதி வச்சிருக்க. அத மாத்து. அம்மா இருக்கறவரைக்கும் வேணாம்."

அன்று ஓர் எவர்சில்வர் கிண்ணத்தைச் சன்னலோரம் வைத்தார்கள். ஊட்டியவர் அதைக் கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். நிமிர்ந்திருந்தால் பிள்ளை சாப்பிடவில்லை. டின் பாலைக் கையோடு எடுத்துப் போனார்கள். வாராவாரம் முட்டையும் நெத்திலியும் முருங்கைக்கீரையும் கொண்டு வருவார்கள். வந்ததும் முதலில் சன்னலைத்தான் பார்ப்பார்கள். கோடு ஏற நான்கு மாதம் ஆயிற்று. அந்த நான்கு மாதமும் மிஷின் முன்னால் நின்றபடி கிண்ணம் எப்படி இருக்கிறதோ என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றும் அந்தச் சன்னலைத் தாண்டும்போது கண் அங்கேதான் போகிறது.

அம்மா காலமானபின் மலர் தயாரித்தேன். அப்போதும் மாற்றிப்போடக் கை வரவில்லை. அக்கா படித்துவிட்டு அந்த வரியில் விரலை வைத்தார்கள்.

"காய்ச்சல்னே போட்டுட்டியாடா?"



கடைசி வாரத்தில் என் மகள்தான் அக்காவுக்குக் கஞ்சி ஊட்டினாள். நான்கு கரண்டிக்குமேல் இறங்கவில்லை. "கிண்ணத்தக் கவுத்து வைம்மா," என்றார்கள். "இல்லன்னா உங்க மாமா வந்து இன்னொரு தடவ ஊட்டுவாரு." அந்த மாமா, என் அத்தான், வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

அக்காவை இறுதிவரை கவனித்த அத்தானுக்கும், காரியங்களில் தோள்கொடுத்த புக்கிட் செலம்பாவ் அக்கம்பக்கத்தாருக்கும், அன்று எங்களைத் திட்டாமல் புத்தகத்தில் வட்டம் மட்டும் போட்ட மிஸிக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அம்மாவின் மலர் வீட்டில் இருந்தால் எடுத்து, "காய்ச்சலால்" என்பதை அடித்துவிட்டு இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: "வீட்டில் எல்லாரும் உழைத்துக்கொண்டிருந்தபோது, போதிய சோறில்லாமல்."