வெயிலுகந்தாளுக்கு விழுந்த சீட்டு

புதன்கிழமை மத்தியானம் கம்பெனியில் பஞ்சுப் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள். கிருஷ்ணன்கோவிலில் இன்ஜினியரிங் கடைசி வருஷம், விடுதியில் தங்கல். எங்கள் ராஜபாளையம் வீட்டுக்கு ஒரே பஸ்ஸில் வந்துவிடலாம், இருந்தும் மாதம் ஒருமுறைதான் வருவாள். வருவதற்கு முன்னால் என்ன குழம்பு வேண்டும் என்று சொல்லிவிடுவாள். இந்த முறை குழம்பைப் பற்றிப் பேச்சே இல்லை.

"ஞாயித்துக்கெழம வாரேன்ப்பா. என் பேரு விஷயமா ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். போன்ல வேண்டாம், நேர்ல பேசிக்கிடுவோம்."

வைத்துவிட்டாள். அதற்கப்புறம் நான் ஒட்டிய பதினோரு பெட்டிகளில் பஞ்சு இருந்தது, லேபிளில் பேண்டேஜ் துணி இருந்தது. சூப்பர்வைசர் வந்து கேட்டபோது, ரெண்டும் காயத்துக்குத்தானே சார் என்று சமாளித்துப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

மகளின் பெயர் வெயிலுகந்தாள். உங்களுக்குத் தெரிந்த பெண்களில் இந்தப் பெயர் உள்ளவர்களை எண்ணிப் பாருங்கள். ஒரு விரல்கூட மடங்காது. பெயரை மாற்றப்போகிறாள், அதைச் சொல்லத்தான் வருகிறாள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. மடியில் கனமில்லாதவனுக்கு வழியில் பயமில்லை என்பார்கள். என் மடியில் இரண்டு சீட்டுகளின் கனம் இருந்தது. இருபத்தொரு வருஷக் கனம்.

அவள் பிறந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில், என் மாமனார் ஊரில். மூன்றாம் நாள் பிள்ளை மஞ்சளாகிவிட்டாள். லேசான மஞ்சள்தான், காலையில் இளவெயில் காட்டுங்கள், அடுத்த வாரம் கொண்டுவந்து காட்டுங்கள் என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னதில் 'மஞ்சள்' என் காதில் விழுந்தது, 'லேசான' விழவில்லை. நான் கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, விடிந்ததும் மாமனார் வீட்டு மாடியில் பிள்ளையைத் துண்டில் ஏந்திக்கொண்டு நிற்பேன். நிமிஷத்துக்கு ஒருமுறை அவள் கண்ணை என் கண்ணோடு கைக்கண்ணாடியில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பேன். என் கண்தான் அதிக மஞ்சளாகத் தெரியும். அறைக்குள் வீறிட்டு அழுகிற பிள்ளை, வெயில் மேலே பட்டதும் வாயைக் கோணிக்கொண்டு, காலை நீட்டி, ஏதோ சொந்த இடத்துக்கு வந்துவிட்டது மாதிரி தூங்கிப்போகும். எட்டாம் நாள் மஞ்சள் இறங்கிவிட்டது. அன்றைக்கு அந்த மாடியில் நான் அழுததை யாரும் பார்க்கவில்லை. எதிர்வீட்டு மாடியில் வடகம் காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவைக் கணக்கில் சேர்க்கவில்லை.

அப்போதுதான் அந்தப் பெயர் ஞாபகம் வந்தது. என் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்த பாத்திரங்களில் ஓர் அண்டாவின் கழுத்தில் 'வெயிலுகந்தாள்' என்று வெட்டியிருந்தது. வெயிலை விரும்பியவள். விருதுநகர்ப் பக்கம் அந்தப் பெயரில் அம்மன் உண்டு. எங்கள் கந்தக பூமியில் எல்லோரும் நிழலைத் தேடி ஓடும்போது, வெயிலைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்றால் அவளுக்கு எம்புட்டுத் தைரியம்.

ஆனால் பெயர் வைக்கிற உரிமை எனக்கு இல்லை. மாமனார் வீட்டில் கோதை என்று முடிவு செய்திருந்தார்கள். அவர்கள் தெருவில் கோதை என்று கூப்பிட்டால் நாலு வீட்டிலிருந்து 'என்ன' என்று கேட்கும், ஐந்தாவதாக எங்கள் பிள்ளையும் கேட்கட்டுமாம். என் அப்பாவோ குலசாமி பெயரைத் தவிர வேறு வைத்தால் பிள்ளையைப் பார்க்கவே வரமாட்டேன் என்றார். பேச்சு முற்றி, கடைசியில் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று. கோயில்கூட இரண்டு ஊருக்கும் நடுவழியில் இருந்த ஓர் அம்மன் கோயில். சமாதானம் அந்த அளவுக்குக் கறாராக இருந்தது. மூன்றாவதாக ஒரு சீட்டு வேண்டும் என்று பூசாரி சொன்னார், தகப்பன் ஆசைக்கு அதில் ஒரு பெயர் எழுதிக்கொள்ளட்டும் என்று விட்டுக்கொடுத்தார்கள். லேபிள் எழுதுகிறவன், அச்சுமாதிரி கையெழுத்து என்று மூன்று சீட்டையும் என்னையே எழுதச் சொன்னார்கள்.

மூன்றிலும் வெயிலுகந்தாள் என்று எழுதினேன்.

மச்சினியின் மூன்று வயது மகள் திருநீற்றுத் தட்டிலிருந்து ஒன்றை எடுத்தாள். பூசாரி பிரித்துப் படித்தார். பிறகு என் அப்பா, "சாமி வாக்குக்கு மேல என்னலே இருக்கு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைக்கும்போது மாமியார் மிச்ச இரண்டு சீட்டை நோக்கிக் கையை நீட்டினார். நான் பாய்ந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாமி வேண்டாம் என்று ஒதுக்கியதைப் பிரிக்கிறது குற்றம் என்றேன். அப்படி ஒரு சாத்திரம் அந்த நொடியில் பிறந்தது. இன்றுவரை எங்கள் இரண்டு வகையறாவிலும் யார் சீட்டுப் போட்டாலும் மிச்சச் சீட்டைப் பிரிப்பதில்லை. அந்தச் சீட்டுகளைப் பையிலிருந்து எடுக்க மறந்துபோனேன், சட்டை துவைக்கப் போனது, சோப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் என்று நம்பிக்கொண்டேன்.

பத்து வயதில் மகள் கேட்டாள், "நம்ம ஊரு வெயில்ல பிடிக்கிறதுக்கு என்னப்பா இருக்கு?" மாடிக் கதையைச் சொன்னால் சீட்டுக் கதையும் வாயில் வந்துவிடும் என்று இரண்டையும் மறைக்க வேண்டியதாயிற்று. பதறி, அது ஒரு ராணியின் பெயர், உச்சிவெயிலில் மட்டுமே போருக்குப் போவாள் என்று சொல்லித்தொலைத்தேன். அவள் அதைப் பள்ளிக்கூடத்தில் கட்டுரையாக எழுதி எவர்சில்வர் டம்ளர் பரிசு வாங்கிவந்தாள். அந்த டம்ளரில்தான் எனக்குத் தினமும் காபி.

வியாழக்கிழமை இ-சேவை மையத்துக்குப் போய், பெயர் மாற்ற எத்தனை நாளாகும் என்று கேட்டேன். யாருக்கு என்றான் அங்கிருந்த பையன். தெரிந்தவருக்கு என்றேன். "பாரத்துல காரணம்னு ஒரு எடம் இருக்கு அண்ணாச்சி, அதச் சரியா எழுதச் சொல்லுங்க." மகள் அந்த இடத்தில் என்ன எழுதுவாள் என்று எனக்குத் தெரியும். காரணம்: தகப்பன்.

சனிக்கிழமை, என் கல்யாணத்துக்கு அண்டா எடுத்த வாடகைப் பாத்திரக் கடைக்குப் போனேன். பொய் ராணிக்குப் பதிலாக ஒரு நிஜ மனுஷியாவது கையில் இருக்கட்டும் என்ற நினைப்பு. கடைக்காரர் அண்டாவை உருட்டிக்கொண்டு வந்தார். அடிப்பக்கம் கரிபிடித்துப் போயிருந்தது, பெயர் மட்டும் அப்படியே இருந்தது.

"எங்கப்பா ஆலங்குளத்துல வாங்கினது அண்ணாச்சி. சுண்ணாம்புக் கல்லு எடுக்குற ஆளுகளுக்கு, இதுல பேரு வெட்டியிருக்குற அந்தம்மா வெட்டவெளியில சோறாக்கிப் போடுவாகளாம். அம்புட்டுத்தான் தெரியும். ஏன், வெலைக்கு வேணுமா?"

வேண்டாம் என்று தொட்டு மட்டும் பார்த்துவிட்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் செருப்பைக் கழற்றுவதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன். மூன்று சீட்டு, மாடி, மஞ்சள், ராணி, அண்டா, எல்லாவற்றையும் வரிசை மாறிக் கொட்டினேன். பெயரை மாற்றிக்கொள், பாரத்துக்கு நானே அலைகிறேன், ஆனால் அப்பா உன்னை ஏமாற்றிவிட்டான் என்று மட்டும் எழுதாதே என்று முடித்தேன். அவள் ஒரு காலில் செருப்போடு நின்றாள்.

"பேர மாத்தவா? எதுக்குப்பா? ஹாஸ்டல்ல ஹரிணின்னு கூப்ட்டா எந்த ஹரிணிங்காக. என்னய யாரும் 'எந்த'ன்னு கேட்டதே இல்ல."

உள்ளேயிருந்து என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சாமி படத்துக்குப் பின்னால் கைவிட்டு ஒரு குங்குமச் சிமிழை எடுத்து என்முன் திறந்தாள். இரண்டு சீட்டும் சுருட்டியபடியே, மஞ்சளேறிக் கிடந்தன.

"சட்டப்பையத் துழாவாம நான் என்னைக்கு ஒங்க சட்டைய நனைச்சிருக்கேன்? மூணுலயும் ஒரே பேர எழுதுற அளவுக்கு ஒரு மனுசனுக்கு ஆசை இருந்தா வச்சிட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

பன்னிரண்டாவது வயதிலேயே மகளுக்கும் சொல்லிவிட்டாளாம். மாடிக் கதையும் சேர்த்துத்தான். அதாவது ஒன்பது வருஷமாக என் வீட்டில் என் ரகசியம் ரகசியமில்லை என்று தெரியாத ஒரே ஆள் நான். நியாயமாகக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதுகிலிருந்து யாரோ மூட்டையை இறக்கிவிட்டது போல இருந்தது, தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவி அந்த டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தாள்.

அப்புறம்தான் மகள் வந்த காரியத்தைச் சொன்னாள். அவள் கல்லூரியில் லேப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இவள் பெயர் அந்த அக்காவுக்கு அவ்வளவு பிடித்துப்போய், அர்த்தமும் வரலாறும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார். ராணியை அதில் சேர்ப்பதா வேண்டாமா என்று கேட்கத்தான் இந்தப் பயணம். டம்ளர் வாங்கிய கதையை விட்டுவிட அவளுக்கு மனசில்லையாம்.

ராணி வேண்டாம் என்றேன். சோறாக்கிய அம்மாவை எழுதச் சொன்னேன். ஒன்றாக இருந்தது இரண்டாகப் போகிறது, ஒரே வருஷத்தில் பெயர் இரண்டு மடங்கு பிரபலம் என்று நான் மார்தட்டியபோது, மகள் அடக்கினாள்.

"இன்னும் முடிவாகலப்பா. அவுக வீட்லயும் ரெண்டு பக்கமும் இழுக்காக, சீட்டுத்தான் போடப்போறாக. நீங்க அந்தப் பேர அழகா ஒரு சீட்டுல எழுதித் தாங்க."

வெள்ளைத்தாளை நறுக்கி, பேனாவை உதறி, முழுக் கவனத்தோடு எழுதினேன். மகள் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டியபோது, அடுப்படிக்குத் திரும்பிக்கொண்டிருந்த என் மனைவி சொன்னாள்:

"ஏட்டி, எண்ணி வாங்கிக்க."