சோம்புக்குத் தனி பில்

போன ஐப்பசியில் ஒரு மழைநாள். கம்பத்தில் நான் வழக்கமாகச் சாப்பிடும் ஓட்டலில் நடந்தது இது.

கல்லூரியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதையும் கிண்டல் செய்வது என் பழக்கம். ‘செருப்புப் பாதுகாப்பு இலவசம்’ என்ற பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு “பாத்துக் குடுங்க” என்று கேட்பவர், வீட்டிலிருந்தே பஸ் டிக்கெட் எடுத்ததற்கு ‘வசதிக் கட்டணம்’ பிடிக்கும் கைப்பேசி, இதையெல்லாம் வைத்து நான் அடிக்கும் வேடிக்கைகளுக்கு ஊரில் நல்ல பெயர்.

அந்த ஓட்டலில் எனக்குப் பரிமாறுபவருக்கு நாற்பது வயதிருக்கும். பக்கத்துக் கூடலூரிலிருந்து வந்து போவார். சாப்பிட்டு முடித்ததும் சோம்புத் தட்டில் மீதிப் பணத்தைப் பத்து ரூபாய்த் தாள்களாகக் கொண்டுவருவார். அதில் ஒரு பத்தை அவருக்கென்று விட்டுவிட்டு எழுந்து வருவது எங்கள் வழக்கம். ஆனால் பரிமாறுபவர் யாரும் அதைப் பையில் போடக் கூடாது, கல்லாவில் இருக்கும் டப்பாவில் போட்டு எல்லோருமாகப் பங்கிட வேண்டும் என்பது முதலாளியின் கண்டிப்பு. எனக்கும் அது தெரியும்.

அன்று கல்லாவைச் சுற்றி மழைக்கு ஒதுங்கிய ஜீப் டிரைவர்களும் திராட்சை வியாபாரிகளும் நின்றார்கள். கேட்க ஆள் இருந்தால் எனக்கு நாக்கு நிற்காது.

“மொதலாளி, ஒங்க கடையில தோசை அறுவது, சோம்பு பத்து. பில்லுல சோம்பக் காணோமே, ஒங்க ஆளு தனியா வசூல் பண்றாரோ?” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை.

“ஏப்பா, இங்கன வா. சார் என்னமோ சொல்றாகளே? பையக் காட்டு.”

“இல்ல மொதலாளி. எம்பிள்ளைக மேல சத்தியம்.”

“படிச்சவுக பொய்யா சொல்லப்போறாக?”

முதலாளியே கையை விட்டு அவருடைய சட்டைப்பையை வெளியே இழுத்தார். ஒரு சீப்பும் பஸ் டிக்கெட்டும் விழுந்தன. பணம் இல்லை. “சீப்பு யாரு வச்ச டிப்ஸுண்ணே?” என்றார் ஒரு டிரைவர். மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன்.

சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன் என்று நான் வாய் திறந்திருக்க வேண்டிய நேரம் அது. திறந்தால் என் வேடிக்கை சப்பென்று போய்விடும் என்று நினைத்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

அவர் சீப்பை எடுத்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை நாற்காலியில் போட்டுவிட்டு மழையில் இறங்கி நடந்தார். அப்புறம் அந்தக் கடைக்கு அவர் வரவே இல்லை.

பிறகு ஒருநாள் கூடலூருக்குப் போய் விசாரித்தேன். ஜீப் ஸ்டாண்டு ஓரத்து டீக்கடையில் டீ போட்டுக்கொண்டு நின்றிருந்தார்.

“மன்னிச்சிருப்பா. வெளையாட்டாச் சொன்னது அப்படி ஆயிருச்சு.”

டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “தெரியும் சார். நீங்க வெளையாட்டாச் சொன்னத நம்புனாக. நான் சத்தியம் பண்ணிச் சொன்னத நம்பலையே.”

அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு ஐம்பது ரூபாய் நீட்டினேன். அவர் மீதியைத் தட்டில் வைக்கவில்லை. என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை அவரே மடக்கிவிட்டார்.

“எண்ணிப் பாத்துக்கங்க சார்.”

இப்போதும் வேடிக்கை பேசாமல் இருக்க முடிவதில்லை. ஆனால் சுற்றியிருப்பவர்கள் சிரிக்கும்போது, அங்கே சிரிக்காமல் நிற்பவர் யார் என்றுதான் என் கண் தேடுகிறது.