ராணி துப்பிய மாத்திரை

பக்கத்து வீட்டு மேரியக்கா காசிமேட்டில் மீன் விற்பவர். அவருடைய பூனை ராணி தினமும் எங்கள் வீட்டுக்கும் சாப்பிட வரும். ஒருநாள் அதன் வாலடியில் அரிசி மாதிரி புழுக்கள் நெளிந்தன. பதறிப்போய் கால்நடை டாக்டரிடம் ஓடினேன். "ஒரே மாத்திரைதான், கூடுதலாகக் கொடுத்தால் ஆபத்து" என்று சொல்லி ஒரு மாத்திரை கொடுத்தார். அதை மத்தி மீனுக்குள் திணித்து வாசலில் வைத்தேன். சற்று நேரத்தில் தட்டு காலி!

சாயந்திரம் அக்காவிடம் பெருமையடித்தேன்.

"இன்னாடி சொல்ற? மத்தியானம் நானும் பூச்சி மாத்திர குடுத்தேனே! வாயத் தொறந்து உள்ள தள்ளிட்டேன்!"

ஐயோ, இரண்டு மாத்திரையா! ராணியைக் கூடையில் போட்டு, ஆட்டோ பிடிக்கச் செருப்பை மாட்டினால், காலில் ஏதோ உறுத்தியது. என் மாத்திரை! மீனை மட்டும் தின்றுவிட்டு அதைத் துப்பியிருக்கிறது. தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "மீனு விக்கிற வூட்டுப் பூனடி! அத்தப் போயி மீன வச்சே ஏமாத்தப் பாத்தியா?"

பத்தே நாளில் ராணி புழு போய், மினுமினுவென்று வந்து நின்றது. இப்போதெல்லாம் அக்காவைக் கேட்காமல் அதற்கு எந்த மருந்தும் தருவதில்லை. மாத்திரை அவர் வீட்டில் மட்டும்; மீன் இரண்டு வீட்டிலும்!

– கலைவாணி, ராயபுரம்