அப்பாவின் எண்ணெய் பிரேக்

எங்கள் காரில் பிரேக் இருந்தது என்று சொன்னால் அது கொஞ்சம் பெரிய வார்த்தை. பழைய சின்னக் கார். முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒன்றரைப் பேர் உட்காரலாம். மிதித்தால் ஒரு கம்பி இன்னொரு கம்பியை இழுக்கும். சக்கரங்களுக்கு மனமிருந்தால் நிற்கும். கொல்லிமலைக்கு ரோடு போட்ட புதிது அது. மலைமேல் வாழவந்தி நாட்டில் மிளகு வாங்கி விற்றுக்கொண்டிருந்த அப்பா அந்தக் காரில்தான் எல்லா வளைவுகளையும் கடந்து இறங்குவார். அம்மா ஏற மாட்டாள். "நான் நடந்தே வாரேனுங்க" என்று பழைய ஒற்றையடிப் பாதையில் இறங்கிவிடுவாள்.

அம்மாவை எப்படியாவது காரில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று அப்பாவுக்குப் பிடிவாதம். சேலத்தில் ஒரு பட்டறையில் காரை நான்கு நாள் விட்டு, கால் பிரேக்கின் கம்பிகளைக் கழற்றிவிட்டு, உடைத்துப் போட்ட வேறொரு காரின் எண்ணெய் பிரேக்கைப் பொருத்தினார். காரை எடுத்துவரப் போனபோது நானும் கூடப் போனேன். மெக்கானிக் ஒரு சின்னத் தகர டப்பாவைத் திறந்து காட்டினார். இனிமேல் அதிலிருக்கும் எண்ணெய்தான் சக்கரத்தைப் பிடிக்குமாம்.

"பிரேக் ஆயில் கெடைக்கலைன்னா அவசரத்துக்கு வெளக்கெண்ணெய் ஊத்துங்க. வேற எண்ணெய் ஆகாதுங்க. உள்ள இருக்கிற ரப்பரு ஊறி வீங்கிரும். அப்புறம் மிதிச்சா நிக்காது" என்றார்.

விளக்கெண்ணெய் என்ற பேரைக் கேட்டதுமே எனக்குக் குமட்டியது. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அம்மா என் மூக்கைப் பிடித்து அரை டம்ளர் ஊற்றிவிடுவாள். அன்று முழுவதும் வீட்டுக்கும் கொல்லைக்கும் நடப்பதுதான் என் வேலை. அடுத்த ஞாயிறு நெருங்கியபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. அம்மா அடையாளத்துக்குச் சிவப்புத் துணி கட்டி வைத்திருந்த பாட்டிலை எடுத்து, விளக்கெண்ணெயை வாழை மரத்தடியில் கொட்டிவிட்டு, சமையலுக்கு இருந்த கடலெண்ணெயை நிரப்பி வைத்தேன். கடலெண்ணெய் குடித்து யாரும் செத்ததில்லை என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிறுக்கு முன்னால் வெள்ளி வந்துவிட்டது. பெரிய மாமன் மகளுக்கு அடிவாரத்தில் கல்யாணம். பித்தளைப் பாத்திரம், சேலை, பலாப்பழம் என்று அம்மா செய்யவேண்டிய அத்தை சீர் முழுவதும் பின் சீட்டில் ஏறியது. நடுவில் என்னைச் செருகினார்கள். அம்மா பட்டுச்சேலை கட்டி, முதன்முறையாக முன்சீட்டில் உட்கார்ந்தாள். கிளம்புமுன் டப்பாவைத் திறந்து பார்த்த அப்பா, எண்ணெய் குறைந்திருக்கிறது என்று வீட்டுக்குள் போய் ஒரு பாட்டிலோடு வந்தார். அதன் கழுத்தில் சிவப்புத் துணி. அவர் துணியைப் பார்த்தார், எண்ணெயைப் பார்க்கவில்லை. மடமடவென்று ஊற்றி மூடினார்.

சொன்னால் முதுகுத்தோல் உரிந்துவிடும். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்று மெக்கானிக் சொல்லியிருந்தார். முதல் வளைவில் பிரேக் பிடித்தது. இரண்டாவதிலும் பிடித்தது. கடலெண்ணெயும் ஆகும்போல என்று கொஞ்சம் தைரியம் வந்தது. ஐந்தாவது வளைவில் பள்ளம் முழுவதும் கண்ணுக்குத் தெரிந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் தோளைப் பிடித்தாள். எனக்கு அழுகை வெடித்துவிட்டது. எல்லாவற்றையும் சொன்னேன்.

அப்பா காரை மலையோரமாக ஒதுக்கி நிறுத்தினார். நல்லவேளை, நின்றது. சக்கரங்களுக்குக் கல் வைத்தார். அடுத்து அடி எனக்குத்தான் என்று பலாப்பழத்தின் பின்னால் ஒளிந்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

"நீங்க ரெண்டு பேரும் குறுக்குப் பாதையில எறங்குங்க. நான் காரைக் கொண்டாரேன்" என்றார் அம்மாவிடம்.

"ஏனுங்க, காரு கெடந்துட்டுப் போகுது. நீங்களும் வாங்க."

"சீரில்லாம சபையில எப்படிப் போயி நிக்கிறது? ரப்பரு அதுக்குள்ள ஊறியிருக்காது. கை பிரேக்கு இன்னும் கம்பிதான். ஒண்ணாம் கியர்லயே எறக்கிருவேன்."

அம்மா பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள். அவள் என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் என் கண்ணாடி வளையல் இரண்டு உடைந்தது. எஞ்சின் சத்தம் கேட்டால் நிற்பாள். கேட்காவிட்டால் இன்னும் வேகமாக நடப்பாள். சேலை பாழாகிற கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

கல்யாண வீட்டு வாசலில் கார் நின்றிருந்தது. அப்பா மாமன்மார்களோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. அம்மா அவரை ஒருமுறை பார்த்துவிட்டு விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள்.

"ஏன் மாப்பிள்ளை, இவங்க நடந்து வாராங்க? புது பிரேக்கு என்னாச்சு?" என்று பெரிய மாமன் கேட்டார்.

"பிரேக்குக்கு ஒண்ணுமில்லீங்க மச்சான். புள்ளைக்குத்தான் காரு ஒத்துக்கல. அஞ்சு வளைவுக்குள்ளயே வாந்தியெடுத்துட்டா."

எனக்கு வந்ததே கோபம். நான் எந்தக் காரிலும் வாந்தி எடுத்தவள் இல்லை. "பொய்! நான் வாந்தியே எடுக்கல!" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணம் முடியும்வரை மாமன் மகன்கள் என்னை வாந்தி என்றே கூப்பிட்டார்கள்.

அப்பா நடந்ததைச் சொல்லியிருந்தால் அந்த வீட்டில் காலத்துக்கும் என்னை எப்படிக் கூப்பிட்டிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. அவராக வந்து பொய் சொன்ன தப்புக்கு வருந்தட்டும் என்று காத்திருந்தேன்.