ஹெல்மெட்டில் எலுமிச்சம்பழம்

காலை ஏழு பத்து. சென்னீர்குப்பம் சிக்னலில் முதலில் கண்ணில் பட்டது, ஒரு மொபெட்டின் கைப்பிடியில் தொங்கிய ஹெல்மெட். அது நிறைய எலுமிச்சம்பழம். வண்டி, எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவருபவருடையது. தெருவுக்குத் தெரு நின்று விற்கும்போது ஹெல்மெட்டைக் கழற்றி, அதில் பழங்களைக் கொட்டிவைப்பது அவர் வழக்கம். அன்று அப்படியே நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டார்.

"தலைல போடுறதுல பழத்த போட்டுக்கினு வர்றியே, நைனா," என்ற போலீஸ்காரர், கையிலிருந்த கருவியில் வண்டி எண்ணைத் தட்டினார். "கேமராவுல ஏற்கெனவே ஆறு தபா மாட்டிக்கீற. இத்தோட ஏழாயிரம்."

"வண்டியே நாலாயிரத்துக்குத்தான் சார் வாங்கினேன்."

"அதுக்கு நான் இன்னா பண்றது? மாசக் கடைசி. வசூல் எவ்ளோன்னு மேல கேக்குறாங்க. கட்டிட்டு வண்டிய எடுத்துக்க."

சாவி போலீஸ்காரரிடம் போனது. கீரைக்காரர் கட்டுகளை ஒவ்வொன்றாக நடைபாதையில் இறக்கினார். வெயில் ஏறுவதற்குள் விற்றாக வேண்டியவை அவை. நான் நான்கு கட்டு வாங்கிக்கொண்டேன். சிக்னலில் நின்ற மற்றவர்கள் பச்சை விழுந்ததும் போய்விட்டார்கள்.

மூன்று மாதம் ஆகிறது. மொபெட் காவல் நிலையச் சுவரோரம் நிற்கிறது.