பதினாறு கேஜ் டாங்கி

வடமதுரைக்குத் தெற்கே, திருச்சி ரோட்டை ஒட்டி வரிசையாகப் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே போய் வெல்டிங் முத்துக்கிருஷ்ணன் எங்கே என்று கேட்டால் சட்டென்று யாருக்கும் தெரியாது. டேங்க்குக்காரர் என்று கேட்டால் டீ ஆற்றிக்கொண்டிருப்பவர் டம்ளரோடு கையை நீட்டிக் காட்டுவார்.

முத்துக்கிருஷ்ணனுக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. ஒல்லியான உடம்பு, மெல்லிய குரல். பட்டறை வாசலை மறித்து வண்டி நிறுத்துகிறவனிடம்கூட எடுக்கச் சொல்லத் தயங்குவார். ஆனால் அவர் ஆசைப்பட்டுப் பார்ப்பதெல்லாம் வெட்டும் குத்தும்தான். வானத்திலிருந்து கப்பல் இறங்கி ஊரைக் கொளுத்தும் படம், கட்டடம் உயரத்துக்கு இரும்பு ரோபோக்கள் மோதிக்கொள்ளும் படம், ஜப்பான்காரர்களின் அனிமே கார்ட்டூன். அனிமேயில் ஒருவன் கை துண்டாகிப் பறக்கும், மழை மாதிரி ரத்தம் கொட்டும், அவன் மறு கையால் வாளை எடுப்பான். முத்துக்கிருஷ்ணன் சோற்றுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ஜப்பான்காரன் மாதிரியே "யோஷ்!" என்பார்.

"இந்தக் கருமத்தப் பாத்துக்கிட்டு எப்படித்தான் சோறு எறங்குதோ" என்று மனைவி ஆனந்தி எழுந்து போய்விடுவார். மகள் பவித்ரா பிளஸ் ஒன் படிக்கிறாள். அவள்தான் கூட உட்கார்ந்து, கீழே ஓடும் இங்கிலீஷ் எழுத்தை அப்பாவுக்குத் தமிழில் சொல்லுவாள்.

படத்துக்கு அடுத்தது ராணுவத் தளவாடம். எந்த டாங்கிக்கு எத்தனை டன் எடை, எது எந்தக் குண்டைத் தாங்கும் என்று கேட்டால் பத்து நிமிடம் பேசுவார். வேறு எதைப் பற்றியும் அவர் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. அப்படிப் பேசிப் பேசியே ஒருநாள் பழைய டிராக்டர் ஒன்றை வாங்கி, அதன் மேல் தகடு போர்த்தி, டாங்கி ஒன்றைச் செய்துவிட்டார். சக்கரம் தெரியாமல் இருக்க இரண்டு பக்கமும் லாரி டயரைக் கிழித்துத் தொங்கவிட்டார். பீரங்கிக் குழாய்க்கு ஆறு இஞ்ச் பிவிசி பைப். அதன் வாயில் புகை வருவதற்கு, கொசு மருந்து அடிக்கும் மெஷின். பின்பக்கம் ஆள் நுழைய ஒரு கதவு, முன்னால் ரோட்டைப் பார்க்க இரண்டு விரல் அகலத்தில் ஒரு சந்து. தகடு பதினாறு கேஜ். பீரோத் தகட்டைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். தூரத்திலிருந்து பார்த்தால் நிஜம் தோற்றுப்போகும். பள்ளிக்கூட ஆண்டு விழா, கல்யாண மாப்பிள்ளை அழைப்பு என்று அதற்கு வாடகைக்கும் ஆள் வந்தது.

போன குடியரசு தினத்தன்று அய்யலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூட ஊர்வலத்துக்கு டாங்கி போனது. ஊர்வலம் முடிந்து, போலீஸ் கண்ணில் படாமல் இருக்க, நெடுஞ்சாலையை விட்டு ஊருக்குள் புகுந்து திரும்பிக்கொண்டிருந்தார். நல்ல வெயில். ஓர் ஊரின் நடுவே, ரேஷன் கடைக்கு எதிரே, ரோடே தெரியாமல் கூட்டம் நின்றது.

ஹாரன் அடித்தார். கூட்டம் திரும்பிப் பார்த்தது. "ஏலே, டேங்க் வந்துருச்சுலே!" என்று ஒருவன் கத்த, எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர் தகட்டில் சாய்ந்து நின்று செல்பி எடுத்தார்கள்.

முத்துக்கிருஷ்ணன் பின்கதவு வழியாக இறங்கி எட்டிப் பார்த்தார்.

புளியமரத்தில் ஓர் ஆளைக் கட்டியிருந்தார்கள். முப்பது வயது இருக்கலாம். நைலான் கயிறு மார்பிலும் இடுப்பிலும் இறுகிச் சதை பிதுங்கியிருந்தது. இடது கண் இருக்கவேண்டிய இடத்தில் கறுப்பாக ஒரு வீக்கம், அதன் நடுவிலிருந்து ஏதோ வடிந்துகொண்டிருந்தது. முன்பற்கள் இல்லை. சட்டை எந்த நிறம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

"ஆட்டுத் திருடன்" என்றார் பக்கத்தில் நின்றவர். "சந்தைக்கு முந்துன நா ராத்திரி வந்து தூக்கிட்டுப் போயிருவான். இன்னிக்கி மாட்டிக்கிட்டான்."

"போலீஸுக்குச் சொல்லலையா?"

"அவுக வந்து எழுதிட்டுத்தேன் போவாக. ஆடு வந்துருமா?"

நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் கடப்பாரையோடு மரத்தடியில் நின்றார். பாண்டியராஜ் என்று பேர். திருடுபோன ஆடுகளில் பாதி அவருடையவை. சினை ஆடுகள். அவர் கத்தவில்லை, திட்டவில்லை. கடப்பாரையைத் தலைகீழாகப் பிடித்து, கட்டப்பட்டிருந்தவனின் வலது முழங்காலில் ஓங்கி அடித்தார்.

காய்ந்த தேங்காயை வாசற்படியில் உடைப்பது மாதிரி ஒரு சத்தம். கட்டப்பட்டிருந்தவன் கத்துவதற்கு வாயைத் திறந்தான், குரல் வரவில்லை. ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன், "இன்னொருக்கா அடிங்க மாமா, மறைச்சிட்டாக" என்றான்.

யாரோ ஒரு வேப்பங்கம்பை முத்துக்கிருஷ்ணன் கையில் திணித்தார்கள். "நீயும் ரெண்டு போடுண்ணே. மிலிட்டரி அடி அடி."

கம்பின் நுனி ஈரமாக இருந்தது. வாழ்நாள் முழுக்கத் திரையில் பார்த்த ரத்தத்துக்கு வாடை கிடையாது. இதற்கு இருந்தது. கம்பைக் கீழே போட்டுவிட்டு டாங்கிக்குள் ஏறினார். பயந்து ஓடுகிறார் என்று பின்னால் சிரித்தார்கள். அவரும் ஓடத்தான் நினைத்தார். சாவியைத் திருகினார். எஞ்சின் உறுமியது. ரோட்டில் வழி விட்டு ஆட்கள் ஒதுங்கினார்கள். அந்த வழியிலேயே நேராகப் போயிருந்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்திருப்பார்.

ஏன் ரிவர்ஸ் கியர் போட்டீர்கள் என்று பிறகு பலர் கேட்டபோதும் அவரால் சொல்ல முடியவில்லை.

டாங்கி வளைந்து, பின்பக்கத்தை மரத்துக்குக் காட்டியபடி மெதுவாக நகர்ந்தது. கூட்டத்துக்கு உற்சாகம் தாங்கவில்லை. "ஏத்துண்ணே! அவன் மேல ஏத்து!" என்று கை தட்டினார்கள். "வரட்டும், வரட்டும், லெப்டுல ஒடி" என்று ஒருவர் வழிகூடச் சொன்னார். மரத்துக்கு ஒரு கை தூரத்தில் டாங்கி நின்றது. பின்கதவு திறந்தது. முத்துக்கிருஷ்ணன் கட்டிங் பிளேயரோடு கையை நீட்டிக் கயிற்றைக் கத்தரித்தார். சரிந்த ஆளை அக்குளில் கை கொடுத்து உள்ளே இழுத்தார். கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டார்.

ஒரு நொடி யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு முதல் கல் வந்து விழுந்தது.

உள்ளே அந்தச் சத்தம் தாங்க முடியாததாக இருந்தது. ஒவ்வொரு கல்லுக்கும் தகடு உள்வாங்கியது. மேலே இரண்டு பேர் ஏறி மிதித்தார்கள். பீரங்கிக் குழாயை உடைத்து எடுத்து, அதாலேயே தகட்டில் அறைந்தார்கள். முத்துக்கிருஷ்ணன் புகை மெஷினைப் போட்டார். குழாய் இல்லாததால் புகை உள்ளேயே நிறைந்து அவருக்குத்தான் இருமல் வந்தது. காலடியில் கிடந்தவனின் ரத்தம் பெடலில் வழுக்கியது.

அப்போது இடப்பக்கத் தகட்டைக் கிழித்துக்கொண்டு கடப்பாரை நுனி உள்ளே வந்தது. அவருடைய தோள்பட்டைக்குக் கீழே ஒரு விரல் ஆழம் இறங்கி, வெளியே இழுபட்டது. மறுபடி வந்தது. இந்த முறை ஸ்டியரிங்கில் மோதியது. வலி உடனே தெரியவில்லை. கை மட்டும் சூடாக இருந்தது.

"அண்ணே" என்றான் கீழே கிடந்தவன். வாயில் பல் இல்லாமல் சொல் குழறியது. "ஆட்ட நாந்தேன் தூக்குனேன்."

முத்துக்கிருஷ்ணன் அவனைப் பார்த்தார்.

"பொய் சொல்லலண்ணே. நாந்தேன்."

"வாய மூடு. தலையக் குனிஞ்சுக்க."

முதல் கியர் போட்டு நகர்த்தினார். பெட்ரோல் வாடை வந்தது. யாரோ பைக்கிலிருந்து பிடித்து ஊற்றியிருக்கவேண்டும். பக்கவாட்டில் தொங்கிய டயர்த் துண்டுகள் குப்பென்று பற்றிக்கொண்டன. முன்சந்தில் ஒரு நீலக் கட்டம் தெரிந்தது. சட்டை. முகம் தெரியவில்லை, கால் தெரியவில்லை, அந்தக் கட்டம் மட்டும்தான். கிளச்சை மிதித்து நிறுத்தினார். ஹாரன் அடித்தார். நீலம் நகரவில்லை. "தள்ளுங்க! தள்ளுங்கண்ணே!" என்று கத்தினார். அந்தக் குரல் தகட்டைத் தாண்டிப் போயிருக்காது. முதுகுப் பக்கம் சூடேறிக்கொண்டு வந்தது. கிளச்சிலிருந்து காலை எடுத்தார்.

நீலம் ஒரு பக்கமாகச் சரிந்தது. சக்கரம் எதன் மீதோ லேசாக ஏறி இறங்கியது. பெரிதாக ஒன்றுமில்லை, ரோட்டில் கிடக்கும் கட்டை மீது ஏறினால் குலுங்குமே, அவ்வளவு. ஆனால் அது என்ன என்று அவருக்குத் தெரிந்தது. உட்கார்ந்திருந்த சீட் வழியாக முதுகெலும்புக்குத் தெரிந்தது.

நெருப்போடு ஊரைத் தாண்டி ஓட்டினார். நெடுஞ்சாலைக்குச் சற்று முன்னால் ஓடைப் பாலம். அதற்கு மேல் உள்ளே இருந்தால் வெந்துவிடுவோம் என்று தெரிந்தது. நிறுத்திக் கதவைத் திறந்து, கீழே கிடந்தவனைத் தரதரவென்று இழுத்து ஓடைக்குள் உருட்டிவிட்டுத் தானும் விழுந்தார். துரத்தி வந்த பைக்குகள் எரிகிற வண்டியைப் பார்த்துத் தூரத்திலேயே நின்றன. டீசல் டேங்க் வெடித்தபோது அவை திரும்பிப் போய்விட்டன. புகையைப் பார்த்து நெடுஞ்சாலை ரோந்து வண்டி வந்தது.

ஆட்டைத் திருடியவன் பெயர் காத்தமுத்து என்பதே முத்துக்கிருஷ்ணனுக்கு ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். வலது காலில் கம்பி வைத்தார்கள். உயிர் தங்கியது. அடித்தவர்கள் மேல் ஒரு வழக்கு, காத்தமுத்து மேல் திருட்டு வழக்கு, முத்துக்கிருஷ்ணன் மேல் ஆள் மேல் வண்டியை ஏற்றியதற்கும் அனுமதியில்லாமல் அதை மாற்றியமைத்ததற்கும் இரண்டு. பாண்டியராஜுக்கு வலது பாதம் நசுங்கிப்போய் மூன்று விரல்களை எடுக்கவேண்டியிருந்தது.

தோளில் தையலோடு அவரைப் பார்க்கப் போனார் முத்துக்கிருஷ்ணன். வார்டு வாசலிலேயே பாண்டியராஜின் மனைவி ஒச்சாயி மறித்தார். "களவாணிப் பயலுக்காக எம் புருசன் கால முடமாக்கிட்டு ஆப்பிளு வாங்கிட்டு வாரியாக்கும்?" என்று கையிலிருந்த பையைத் தட்டிவிட்டார். உருண்டதைப் பொறுக்காமல் முத்துக்கிருஷ்ணன் திரும்பிவிட்டார்.

வீட்டில் ஆனந்தி ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பேசியபோது, "நீங்க செத்துருந்தா நானும் எம் மகளும் எங்க போறது? அத நெனச்சீகளா?" என்று மட்டும் கேட்டார். நினைக்கவில்லை என்பதுதான் உண்மை. அதையும் சொன்னார். ஆனந்தி அழுதார்.

இதற்குள் அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றிவிட்டது. யாரோ அதற்கு அதிரடியான இசை சேர்த்து, எரிகிற டாங்கி கூட்டத்தைப் பிளந்துகொண்டு போவதை மெதுவாக ஓடவிட்டிருந்தார்கள். "அப்பா, லட்சக்கணக்குல பாத்துருக்காக. ஹீரோன்னு போட்டுருக்காக" என்று பவித்ரா போனைக் காட்டினாள். முத்துக்கிருஷ்ணன் முழுக்கப் பார்த்தார். நீலச் சட்டை சரியும் இடத்தில் இசை உச்சத்துக்குப் போனது.

"அணைச்சிரு தாயி" என்றார்.

"நல்லாத்தானப்பா இருக்கு?"

"நல்லாத்தேன் இருக்கு. அதுக்குத்தேன் சொல்றேன்."

அன்றிலிருந்து வெகுநாள் அவர் எதையும் பார்க்கவில்லை. ஒரு மழைநாளில் பவித்ராவே ஒரு அனிமே போட்டாள். பெரிய ரோபோ ஒன்று தெருவில் நடக்கிறது, காலடியில் கார்கள் நொறுங்குகின்றன. முன்பெல்லாம் அவர் ரோபோவின் எடையைக் கணக்குப் போடுவார். இப்போது காலடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில் எழுந்து போகவும் இல்லை. கடைசிவரை உட்கார்ந்திருந்தார்.

ஐப்பசியில் ஒருநாள் காலை, பட்டறை வாசலில் ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. கைத்தடியை ஊன்றிப் பாண்டியராஜ் இறங்கினார். பட்டறையில் வேறு ஆள் இல்லை. முத்துக்கிருஷ்ணன் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார். வைத்தது நல்லதா என்று யோசித்தார்.

"ஆட்டுப் பட்டிக்குக் கேட் போடணும்" என்றார் பாண்டியராஜ். "இரும்புல. ஆளு ஏற முடியாத ஒசரத்துக்கு."

"போட்டுரலாம்ணே. உக்காருங்க."

பாண்டியராஜ் உட்காரவில்லை. சுவரில் சாய்த்திருந்த பைப்புகளைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "எங்கூர்லயே வெல்டருக ரெண்டு பேரு இருக்காக. ஒன்னய ஒரு வார்த்த கேக்கணும்னுதேன் வந்தேன். அதுக்குள்ளருந்து பாத்தா என்னய்யா தெரிஞ்சிச்சு?"

"ஒங்க சட்ட."

"மூஞ்சி?"

"தெரியலண்ணே."

"தெரிஞ்சிருந்தா நிறுத்திருப்பியா?"

"சொல்லத் தெரியலண்ணே. முதுகுல தீ."

பாண்டியராஜ் தலையை ஆட்டினார். "நான் அடிக்கயில அவன் மூஞ்சி எனக்கு நல்லாத்தேன் தெரிஞ்சிச்சு" என்றார். பிறகு தடியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து, கேட்டின் அளவைச் சொன்னார். எட்டடி உயரம், ஆறடி அகலம், மேலே முள்ளுக்கம்பிக்கு வளைவு. முத்துக்கிருஷ்ணன் பைப்பை அறுத்து, மூலை மட்டம் பார்த்து, வெல்டிங் ராடை எடுத்து மாட்டினார்.

"வெளிச்சத்தப் பாக்காதீங்கண்ணே. கண்ணு போயிரும்."

பாண்டியராஜ் ரோட்டுப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.