கை வைத்த நாற்காலி

எனக்கு முதலில் துரோகம் செய்தவர் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் குணசேகரன். அதற்குப் பிறகு செய்தவர்கள் எல்லாம் அவருக்குப் பின்னால்தான் வரிசையில் நிற்க வேண்டும். ஏற்காட்டில் முப்பது வருஷம் நாற்காலி வாடகைக்கு விட்டவன் நான். ஊரையே உட்கார வைத்துவிட்டு நின்றுகொண்டே இருப்பதுதான் இந்தத் தொழில். பந்தல் போடுகிறவர்களே, மைக்செட்காரர்களே, பந்தியில் சாம்பார் வாளி தூக்குகிறவர்களே, நீங்கள் எந்தக் கல்யாணத்தை உட்கார்ந்து பார்த்தீர்கள்? உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாவதோடு நின்றவன். எழுத்தில் குறை இருக்கலாம், விஷயத்தில் இருக்காது.

மூன்றாவது வரிசை

எண்பதுகளில் ஒரு மே மாதம். அருளானந்தம் என்று ஒரு பாட்டுக்காரர் இருந்தார். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, ஒரு கிடாரோடு பாடுவார். அவருடைய நாலு கேசட்டும் என் கடையில் இருந்தன. அதில் ஒரு பாட்டு, கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு மலைப்பாதையில் நடக்கிற ஒருவனைப் பற்றியது. கொட்டச்சேட்டுக்கு நாற்காலி சுமந்து போய்விட்டு பஸ் இல்லாமல் எத்தனையோ முறை நடந்து வந்தவன் நான். இந்த ஆள் என்னை எங்கே பார்த்தார் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் ஏற்காட்டுக்கு வருகிறார், கூடவே பெங்களூரிலிருந்து சிம்பொனி வாசிக்கிற ஐம்பத்து நாலு பேர் வருகிறார்கள் என்று ரைட்டர் வந்து சொன்னார். கோடை விழாக் கமிட்டிக்கு அவர்தான் செயலாளர். என்னிடம் இருக்கிற நாற்காலி அத்தனையும் வேண்டும் என்றார். தருகிறேன், எனக்கும் ஒன்று வேண்டும், மூன்றாவது வரிசையில் ஓரமாக, என்று கேட்டேன். பார்ப்பதற்கும் கேட்பதற்கும் அதுதான் சரியான இடம். போட்டுப் போட்டு எனக்குத் தெரியும், உட்கார்ந்ததுதான் இல்லை. ரைட்டர் என் தோளில் கை போட்டுச் சொன்னார்: “ஏனுங்க பாய், சேரே உங்களுது. அது உங்க எடம். யாரு வந்து கேட்டாலும் எந்திரிக்காதீங்க.”

மரியாதை

எங்கள் தொழிலில் மரியாதைக்கு ஒரு அளவு உண்டு. சாதாரண ஆளுக்கு இரும்பு மடக்கு நாற்காலி. சம்பந்திக்கும் பெரிய மனிதருக்கும் கை வைத்த மர நாற்காலி. சம்பந்திக்குக் கையில்லாத நாற்காலி போட்டு ஒரு கல்யாணமே நிற்கப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். அதனால் மேடைக்கு என் கை வைத்த நாற்காலி ஐம்பத்து நாலையும் பாலிஷ் போட்டு ஏற்றிவிட்டேன். அவ்வளவு தூரம் வருகிறவர்களுக்கு வேறு எதைப் போடுவது?

மத்தியானம் அவர்கள் வந்து இறங்கினார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேருக்கு வாந்தி. எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே மேடை ஏறினார்கள். முதலில் ஒரு அம்மா வயலினோடு உட்கார்ந்து வில்லை இழுத்தார். முழங்கை நாற்காலியின் கையில் இடித்தது. தள்ளி உட்கார்ந்து பார்த்தார், மறுபடியும் இடித்தது. வில் போய் வர இடம் வேண்டுமாம், கையில்லாத நாற்காலிதான் ஆகுமாம். எனக்கு முகம் செத்துப் போய்விட்டது. அந்த அம்மா சிரித்துக்கொண்டே, “ஐயா, நீங்க சம்பந்தி நாற்காலி போட்டுட்டீங்க. நாங்க வேலைக்கு வந்தவங்க” என்றார்.

தேங்காய் எண்ணெய்

முன்னால் இருந்த மூன்று வரிசை இரும்பு நாற்காலிகளை எடுத்து மேடையில் போட்டேன். கை வைத்தவை கீழே அந்த இடத்துக்குப் போயின. அதோடு முடியவில்லை. கையில் குச்சியோடு குழுவை நடத்துகிற பெரியவர் ஒவ்வொரு நாற்காலியிலும் உட்கார்ந்து, கண்ணை மூடி, முன்னும் பின்னும் அசைந்து பார்த்தார். எல்லாம் கிரீச்சிட்டன. மெதுவான பாட்டில் இது மைக்கில் விழும் என்றார். அவசரத்துக்கு எண்ணெய்க்கு எங்கே போவது? என் ஊட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கொண்டுவந்து ஐம்பத்து நாலுக்கும் மூட்டு மூட்டாக விட்டேன். தாராளமாகவே விட்டேன். பெரியவர் மறுபடி ஒரு சுற்று உட்கார்ந்து எழுந்து, “சத்தம் போயிருச்சு, வாசம் வந்திருக்கு. பரவாயில்லை, வாசம் மைக்கில் கேட்காது” என்றார்.

ரைட்டரின் நியாயம்

சாயங்காலம் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தேன். என் இடத்தில் ரைட்டரின் மச்சினன் உட்கார்ந்திருந்தார். சேலத்தில் ஏதோ ஆபீசில் இருப்பவர். நாற்காலியின் இரண்டு கையிலும் தன் கையை நீட்டிக்கொண்டு, பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பவர் போல இருந்தார்.

ரைட்டரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். பின்னால் போகலாமென்றால் மாரமங்கலத்திலிருந்து வந்த ஜனமே பாதி நின்றுகொண்டிருக்கிறது என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். நிதானமாகச் சொன்னார்: “பாய், நான் சொன்னது சாதா சேருங்க. அது இப்பக் கை வச்ச சேரு ஆயிருச்சு. அதுல உங்களை உக்கார வச்சா நாலு பேரு என்னைக் கேக்க மாட்டாங்களா?”

கடைசி பஸ்

மேடைக்கு வலது பக்கம் தட்டிக்குப் பின்னால் போய் நின்றேன். பனி இறங்கியிருந்தது. கேசட்டில் ஒற்றைக் கிடாரோடு கேட்ட மெட்டு ஐம்பத்து நாலு பேரோடு வந்தது. பத்து லாரி ஒரே வளைவில் ஒரே நேரத்தில் திரும்பியும் ஒன்றோடொன்று உரசாமல் போனால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது.

ஐந்தாவதாக என் பாட்டு. அருளானந்தம் அதன் பேரைச் சொன்னதும் கைதட்டல். அப்போதுதான் பார்த்தேன். மேடை ஓரத்தில், காலுக்கு நடுவில் பெரிய வயலின் மாதிரி ஒன்றை நிறுத்தி வாசிக்கிறவர், நல்ல கனத்த ஆள், அவருடைய நாற்காலியின் பின்காலில் பூட்டு ஆணி வழுக்கி வெளியே வந்துகொண்டிருந்தது. நான் விட்ட எண்ணெய்தான். அவர் விழுந்தால் பாட்டும் விழும்.

தட்டிக்கு அடியில் புகுந்து, குந்தி, இரண்டு பின்கால்களையும் பிடித்துக்கொண்டேன். பாட்டு தொடங்கிவிட்டது. நான் பார்த்தது அவருடைய செருப்பின் குதிகாலை. கேட்டது, அவர் வில்லை இழுக்கும்போதெல்லாம் இரும்பு வழியாக என் பல்லுக்கு ஏறி வந்த அதிர்வை. அருளானந்தத்தின் குரல் எங்கோ அந்தப் பக்கம் தூரத்தில் கேட்டது. பாட்டில் அவன் நடந்து ஊர் வந்து சேர்ந்தபோது ஜனம் எழுந்து கைதட்டியது. எனக்குத் தட்ட ஒரு கையும் இல்லை. கனத்தவர் எழுந்து, குனிந்து என்னைப் பார்த்து, “நான் இதை நல்ல நாற்காலின்னு நெனச்சேன்” என்றார்.

டீ

முடிந்த பிறகு நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தேன். கனத்தவர் சொல்லியிருக்க வேண்டும், அருளானந்தம் டீ டம்ளரோடு என்னிடம் வந்தார். பாட்டு எப்படி இருந்தது என்று கேட்டார். அந்த ஒரு பாட்டுக்காகத்தான் வந்தேன், அதைக் கேட்கவில்லை, பிடித்துக்கொண்டிருந்தேன் என்றேன். ரைட்டர் விஷயத்தையும் சொன்னேன், ஒன்றும் விடவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு, டம்ளரை நான் இன்னும் மடக்காத நாற்காலி ஒன்றின் மேல் வைத்துச் சொன்னார்: “பாட்டுல வர்றவனுக்கும் நான் கடைசி வரைக்கும் உட்கார இடம் எழுதலையே, பாய்.”

ரைட்டர் இப்போது ரிட்டயராகி, மூட்டு வலியோடு குப்பனூரில் மகள் ஊட்டில் இருக்கிறார் என்று கேள்வி. நன்றாக உட்காரட்டும், ஆனால் மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலி ஒன்று, எதிரே ஐம்பத்து நாலு பேர் வாசிக்க, இன்னும் எனக்கு வர வேண்டியிருக்கிறது.